எல்லா வீட்டுக்கும் நானே பதில் சொன்னேன்

எங்கள் ஊருக்கு வியாழக்கிழமைதோறும் வந்துகொண்டிருந்த மருத்துவ வண்டி நின்றுபோனதற்கு நான்தான் காரணம். மழையோ சாலையோ காரணமில்லை. என் வாய்தான் காரணம். வண்டி நின்றபோது என் தம்பி மனைவிக்கு ஏழாம் மாதம். அவளுடைய முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோனது. பிரஷர் ஏறியிருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். அதனால் இந்த முறை வண்டியில் வரும் நர்சு வாராவாரம் அவள் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்து, "நல்லா இருக்குது, போய்ட்டு வா" என்று அனுப்புவார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் அடுத்த வியாழன்வரை தூங்கினாள். அதை நிறுத்தியவள் நான். எப்படி என்பதைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

புதூர்நாட்டைத் தாண்டி உள்ளே போகிற பாதையில், ஜீப் இதற்கு மேல் போகாது என்கிற இடத்தில் என் டீக்கடை இருக்கிறது. ஊர் அங்கே இல்லை. ஓடையைத் தாண்டி அரை மணி நேரம் ஏறினால்தான் முப்பத்தாறு வீடும் தெரியும். என் தம்பி வீடு அதில் கடைசி. கடையில் ஒரு பெஞ்சு உண்டு. போண்டா உண்டு. கைப்பேசியில் சிக்னல் இரண்டு கோடு தெரிவதும் என் கடை வாசலில் மட்டும்தான். பத்தடி நகர்ந்தால் அதுவும் போய்விடும்.

எங்களை ஆராய வருகிற எல்லோரும் என் கடையில்தான் இறங்குவார்கள். வீடு வீடாக ஏறி இறங்கி இந்த மலையைப் புரிந்துகொள்ளப் போகிறோம் என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு வருவார்கள். முதல் டீயைக் குடித்ததும், "ஏங்கக்கா, மேல ரொம்ப தூரமா?" என்பார்கள். "அரை மணி நேரம்தான்" என்பேன். மலைக்காரி சொல்லும் அரை மணி நேரம் தங்களுக்கு எவ்வளவு நேரம் என்பது படித்தவர்களுக்குத் தெரியாதா? செருப்பைப் பார்ப்பார்கள். பாதையைப் பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து நோட்டை எடுப்பார்கள். இந்த மலையைப் பற்றி உலகம் தெரிந்துவைத்திருக்கும் பலதும் இப்படி என் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தெரிந்துகொண்டதுதான்.

முதலில் வந்தவர் மொழி ஆராய்கிறவர். பத்து நாள் இருந்தார். கையடக்கக் கருவி ஒன்றை என் முன்னால் வைத்து, மூக்கைக் காட்டி இது என்ன, முழங்காலைக் காட்டி இது என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நான் பன்னிரண்டாம் வகுப்புவரை கீழே விடுதியில் தங்கிப் படித்தவள். போண்டா மடிக்க வாங்கும் பழைய பத்திரிகைகளை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் கிழிப்பேன். நான் 'வீடு' என்று சொன்னால் அவர் முகம் வாடிவிடும். 'வூடு' என்று சொன்னால் பூரித்துப்போய் இன்னொரு டீ சொல்வார். விடுதியில் தமிழம்மாவிடம் அடி வாங்கி அடி வாங்கித் திருத்திக்கொண்டதை எல்லாம் அவருக்காகப் பத்து நாள் மறக்க வேண்டியிருந்தது. வியாபாரம் நன்றாக நடந்ததால் மறந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து அவர் எழுதிய புத்தகம் தபாலில் வந்தது. ஆசையாகப் பிரித்தேன். முன்னுரையிலேயே எங்களைப் பற்றி எழுதியிருந்தார். நாங்கள் கள்ளங்கபடமற்றவர்களாம். எழுத்தறிவில்லாதவர்களாம். வெளியுலகம் அறியாத எங்கள் வாழ்க்கையைக் கண்டு அவர் கண்கலங்கினாராம். எப்போது கலங்கினார் என்று தெரியவில்லை, என் கடையில் இருந்தவரை ஏப்பம் விட்டுக்கொண்டுதான் இருந்தார். கடைசியில், தரவுகள் தந்து உதவிய தேநீர்க் கடை மூதாட்டிக்கு நன்றி சொல்லியிருந்தார். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மூதாட்டி என்றதைக்கூட மன்னித்திருப்பேன். ஐயோ பாவம் என்று எழுதியதை மன்னிக்க முடியவில்லை. இனி எவர் வந்து என்ன கேட்டாலும், நம்மைப் பார்த்து உச்சுக் கொட்டுகிற மாதிரி ஒரு வரி எழுத இடம் கொடுக்கக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். கேட்டால் நல்ல முடிவு மாதிரித்தான் இருந்தது.

அடுத்து வந்தவர் காட்டு விலங்கு ஆராய்கிற இளைஞர். மரத்துக்கு மரம் கேமரா கட்டினார். ஒரு மாதம் கழித்துக் கழற்றிப் பார்த்தபோது ஒரு கரடியின் பின்புறமும், இரண்டு ஆடும், விடியற்காலையில் சொம்போடு புதர்ப்பக்கம் போகும் என் வீட்டுக்காரரும் கிடைத்தார்கள். அதிகம் கிடைத்தது என் வீட்டுக்காரர்தான். அந்தத் தம்பி சங்கடத்தோடு படத்தை மறைத்துக்கொண்டு, "கரடின்னா உங்களுக்கெல்லாம் பயமா இருக்காதா அக்கா?" என்று கேட்டார்.

"எங்களுக்குக் கரடியும் மாடும் ஒண்ணுதான் தம்பி. அது பாட்டுக்கு அது வரும், எங்க பாட்டுக்கு நாங்க இருப்போம்" என்றேன்.

அவர் 'சகவாழ்வு' என்று எழுதிக்கொண்டார். ஜீப் ஓட்டுகிற என் பெரியப்பா மகன் அப்போது பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தார். பலாப்பழக் காலத்தில் கரடி பிறாண்டி அவருக்கு இடது காதில் பாதி கிடையாது. அவர் பக்கம் திரும்பி ஒரு முறை முறைத்தேன். துண்டை எடுத்துக் காதோடு சேர்த்து இழுத்துக் கட்டிக்கொண்டார்.

பிறகு விவசாயம் ஆராய்கிற மேடம் வந்தார். பூச்சிக்கு என்ன மருந்து அடிப்பீர்கள் என்றார். மருந்தா, அந்தப் பேச்சே எங்கள் மலையில் கிடையாது என்றேன். நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலுக்கு அடியில், சாக்கு போட்டு மூடிய டப்பா ஒன்று இருந்தது. புடவையை இழுத்து அதையும் மூடிக்கொண்டேன். தினமும் சாமைச் சோறுதானா என்றார். வேறென்ன என்றேன். உள்ளே அடுப்பில் ரேஷன் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. மேடம் மூச்சை இழுத்து, "சாமையோட வாசனையே தனி" என்றார். அவர்மேல் எனக்கு உண்மையிலேயே பிரியம் வந்துவிட்டது. இரண்டு போண்டா சும்மா கொடுத்தேன்.

இதுவரைக்கும் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. கடைசியாக வந்தவர்கள்தான் சுகாதாரம் ஆராய்கிறவர்கள்.

ஐப்பசி மழை. ஒரு பேராசிரியரும் இரண்டு மாணவிகளும் ஜீப்பிலிருந்து இறங்கினார்கள். பேராசிரியர் மழையைப் பார்த்தார், ஓடை இரையும் சத்தத்தைக் கேட்டார். "ஒரு வீடு விடக்கூடாது. நேர்ல பார்த்து, அவங்க வாயாலேயே பதில் வாங்கணும்" என்று மாணவிகளிடம் கண்டிப்பாகச் சொன்னார். சொல்லிவிட்டு, வந்த ஜீப்பிலேயே ஏறி மலையிறங்கிப் போய்விட்டார்.

அந்தப் பெண்கள் போகாமல் இருக்கவில்லை. போனார்கள். ஓடையின் முதல் கல்லிலேயே ஒருத்தி வழுக்கி விழுந்தாள். இடுப்புவரை நனைந்து, படிவக் கட்டை மட்டும் நனையாமல் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். அடுப்படியில் இடம் கொடுத்துத் துணியைக் காயவைக்கச் சொன்னேன். மறுநாளும் தண்ணீர் வடியவில்லை.

"மூணு நாள்தான் அக்கா கொடுத்திருக்காங்க. முடிக்காம போனா எங்க ப்ராஜெக்ட் போச்சு" என்று அழ ஆரம்பித்தாள்.

எனக்கு இரக்கமாக இருந்தது. இரக்கத்தோடு அந்தப் பழைய ரோஷமும் சேர்ந்துகொண்டது. ஊரே கையில் கிடைத்தால் எப்படி இருக்கும்? முப்பத்தாறு வீட்டையும் ஒரே மூச்சில் மானத்தோடு நிறுத்திவிடலாம்.

"எதுக்கு அழற பாப்பா? எந்த வூட்ல யாரு, இன்னா ஏதுன்னு எல்லாம் எனக்குத் தெரியும். நான் சொல்லிக்கினே வர்றேன், நீ எழுதிக்கினே வா" என்றேன்.

எழுதினோம். கழிப்பறை இருக்கா? இருக்குது. உபயோகிக்கறாங்களா? பின்ன, சாமான் வைக்கவா கட்டினோம்? காட்டு விலங்கு ஆராய்ந்த தம்பியும் இந்தப் பெண்களும் ஒரே ஒருநாள் சேர்ந்து உட்கார்ந்து டீ குடித்திருந்தால், என் வீட்டுக்காரரின் படத்தைப் பார்த்து என் பொய் அங்கேயே வெளுத்திருக்கும். ஆனால் அவர்கள் வேறு வேறு துறை. ஒரு துறைக்காரர் எழுதுவதை இன்னொரு துறைக்காரர் படிப்பது வழக்கமில்லை என்று நினைக்கிறேன்.

பத்து வீடு தாண்டியதும் அந்தப் பெண்ணுக்கே உறுத்தியது. "எல்லா வீட்லயுமா அக்கா சோப்பு போட்டுக் கை கழுவறாங்க?"

"சரி, ரெண்டு வூட்டுக்குச் சாம்பல்னு போட்டுக்கோ" என்றேன். நிம்மதியாக எழுதிக்கொண்டாள்.

பிரசவம் எங்கே? ஆஸ்பத்திரியில். போவதற்கு வண்டி? போன் போட்டால் அரை மணியில் வரும். இதை முப்பத்தாறு முறை சொன்னேன். போன் போட என் கடைவரை இறங்கி வர வேண்டும் என்பதை ஒருமுறையும் சொல்லவில்லை. கடைசிக் கேள்வி, வாராந்திர மருத்துவ வண்டி வராவிட்டாலும் உங்களால் சமாளிக்க முடியுமா என்று இருந்தது. அதைக் கேட்டதும் எனக்குச் சுர்ரென்றது. எங்களை என்னவென்று நினைத்துக்கொண்டார்கள்?

"ஓ, முடியுமே. அந்த வண்டிய நம்பியா நாங்க பொறந்தோம்? 'முடியும்'னு நல்லா அழுத்தி எழுது."

முப்பத்தாறு முறை அழுத்தி எழுதினாள். என் தம்பி வீட்டுப் படிவமும் அதில் ஒன்று. தம்பி மனைவிக்கு அப்போது இரண்டு மாதம். அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, எனக்கும் தெரியாது.

ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் கையெழுத்துக்கு இடம் விடவில்லை. கைரேகைக்குத்தான் கட்டம் இருந்தது. நாங்கள் எழுத்தறிவில்லாதவர்கள் என்பது அச்சடிக்கும்போதே முடிவாகியிருந்தது. என் பத்து விரல், ஜீப் அண்ணனின் பத்து விரல், என் வீட்டுக்காரரின் பத்து விரல் போக ஆறு குறைந்தது. பெருவிரலை நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். பன்னிரண்டாவதுவரை படித்த மானமுள்ள பெண், ஊர் மானத்தைக் காப்பாற்ற மை பூசிய கையோடு நின்றுகொண்டிருந்தேன்.

எந்த ஆராய்ச்சியும் முடிய வருஷக்கணக்காகும் என்றுதான் நினைத்திருந்தேன். இது மாசி கடைசியிலேயே முடிந்துவிட்டது. பங்குனியில் ஒரு வியாழக்கிழமை வண்டி வரவில்லை. தம்பி மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடையைத் தாண்டி வந்து, மதியம்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வண்டி ரிப்பேராக இருக்கும் என்றேன். அடுத்த வியாழனும் வந்தாள். அன்றைக்கும் ரிப்பேர் என்றேன். அவள் போனதும் நர்சுக்குப் போன் போட்டேன்.

"உங்க ஊரு ரொம்ப நல்ல நிலைமையில இருக்குதாம்மா. அறிக்கை வந்துடுச்சு. வண்டியே வேணாம், நாங்களே சமாளிச்சுக்குவோம்னு ஊரே சொல்லியிருக்குதாம். கஷ்டப்படற வேற ஊருக்கு எங்கள மாத்திட்டாங்க" என்றார் நர்சு. எங்களைப் பாராட்டுகிற குரலில்தான் சொன்னார்.

சுகாதார நிலையம் இல்லாமல் இல்லை. ஜீப்பில் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் ஜீப் நிரம்பினால்தான் கிளம்பும், நிரம்பப் பாதி நாள் ஆகும். ஏழு மாத வயிற்றோடு வாராவாரம் குலுங்கிக்கொண்டு போய் வர அவளால் முடியாது. போகாமல் இருக்கவும் கூடாது. நான் படிவக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டு, சொன்னதை எல்லாம் மாற்ற வேண்டும் என்றேன். "அக்கா, அடுத்த வாரம் எங்க காலேஜ்ல கருத்தரங்கு இருக்கு. உங்களையும் கூப்பிடச் சொல்லியிருக்காங்க. நேர்ல வாங்களேன்" என்றாள்.

என் கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு மலையிறங்கிப் போனேன். வாசலில் சந்தனம் கொடுத்த பெண், "நீங்க எந்த டிபார்ட்மெண்ட் மேடம்?" என்று கேட்டாள். மலை என்றேன். அவள் புரியாமல் முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டாள். அங்கே இரண்டு பேர் நின்று, மலையிலிருந்து மூதாட்டி ஒருவர் வர வேண்டும், இன்னும் காணோம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் எங்கள் நடனம் என்று ஒன்றை ஆடினார்கள். கல்லூரிப் பெண்கள் இடுப்பைச் சுற்றி மாவிலை கட்டிக்கொண்டு குதித்தார்கள். எங்கள் ஊரில் மாவிலையை வாசலுக்குத்தான் கட்டுவோம். பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். மொழிக்காரர் என் முழங்காலைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். கரடித் தம்பி சகவாழ்வைப் பற்றிப் பேசினார். சாமை மேடம், மருந்தே அறியாத மண் என்று சொன்னபோது குரல் தழுதழுத்தது. எல்லாம் என் சரக்கு. மேடையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பேரும் என்னைத்தான் பேசினார்கள்.

கடைசியில் சுகாதாரப் பேராசிரியர் திரையில் ஒரு வட்டம் காட்டினார். வட்டம் முழுக்கப் பச்சை. சாம்பலுக்கு மட்டும் ஓரத்தில் மெலிதாக ஒரு மஞ்சள். விளிம்புநிலையில் இருந்தும் தன்னிறைவு அடைந்த கிராமம் என்றார். கைதட்டினார்கள். கேள்வி உண்டா என்றார்கள். எழுந்தேன்.

"சார், அந்த முப்பத்தாறு வூடும் நான்தான்."

சிரித்தார்கள்.

"நெசமா சொல்றேன். மழைல பாப்பா போவ முடில. நானே எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். பூரா பொய்யி. அந்தப் பேப்பர எடுத்துக் கைரேகையப் பாருங்க. மூணு பேரோட விரலுதான் இருக்கும். எங்களுக்கு அந்த வண்டி வேணும் சார். என் தம்பி பொண்டாட்டி ஏழு மாசம்."

படிவக்காரப் பெண்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கரடித் தம்பி தன் ஷூவைப் பார்த்தார். அவருக்கு மட்டும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். தலைமை தாங்கியவர் மைக்கை வாங்கி, "அம்மா உணர்ச்சிவசப்படறாங்க. தன்னைத் தாழ்த்திப் பேசறது இவங்க பண்பாடு. அதைத்தான் நாம இவங்ககிட்ட கத்துக்கணும்" என்றார். மறுபடி கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் எனக்குப் பொன்னாடை போர்த்திவிட்டார்கள். அதைக் கழற்றி அவர்கள் முகத்தில் வீசியிருக்க வேண்டும். வீசவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் பேராசிரியர் பாயசக் கிண்ணத்தோடு என்னைத் தனியாக ஒரு ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"எனக்கு அப்பவே சந்தேகம் வந்துச்சும்மா. எல்லா வீட்லயும் ஒரே மாதிரி பதில். சரி, ரொம்ப ஒத்துமையான ஊருபோலன்னு விட்டுட்டேன்" என்றார்.

"இப்போ மாத்துங்க சார்."

"மாத்தினா அந்த ரெண்டு பொண்ணுங்களோட படிப்பு அவ்ளோதான். கட்டுரையும் வெளியாகப் போகுது. அடுத்த ஆய்வுல சரி பண்ணிக்கலாம்."

"அடுத்தது எப்போ சார்?"

"ரெண்டு வருஷத்துல."

"அவளுக்கு ரெண்டு மாசம்தான் சார் இருக்குது."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். முந்திரி ஒன்றைக் கரண்டியால் ஓரமாக ஒதுக்கினார். அந்த மனிதரை அந்த நிமிஷம் வெறுத்தேன். என்னையும் அதே அளவு வெறுத்தேன். ஏனென்றால் மழையைப் பார்த்ததும் ஜீப்பில் ஏறிப் போனவர் அவர், ஆனால் பொய் சொன்னவள் நான்.

மனு எழுதி எடுத்துக்கொண்டு சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கும் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாக உட்காரச் சொல்லி, அறிக்கையை எடுத்துப் புரட்டினார். "வண்டி வேணாம்னு நீங்களே சொல்லியிருக்கீங்களேம்மா. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, அத்தனை வீடும் சொல்லியிருக்கு. இப்போ நீங்க ஒருத்தர் வந்து வேணும்னா எப்படி?" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. மனுவை வாங்கிக்கொண்டார். அதற்குப் பதில் இதுவரை வரவில்லை.

அன்று மாலையே தம்பி வீட்டுக்கு ஏறிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி கத்தினான். அவள் கத்தவில்லை. முறத்தில் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தவள் புடைத்து முடித்தாள். "டீ போடட்டுமா அக்கா?" என்று கேட்டாள். என் வாழ்க்கையில் அதைவிட மோசமான டீயை நான் குடித்ததில்லை.

அதன்பிறகு பத்து நாளைக்கு ஒருமுறை ஜீப்பில் சுகாதார நிலையத்துக்குப் போய் வந்தோம். சில முறை ஜீப் நிரம்பவில்லை, போக முடியவில்லை. சித்திரையில் பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றார்கள். பிரசவத்துக்குப் பதினைந்து நாள் முன்பே ஆலங்காயத்தில் இருக்கும் அவளுடைய அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று ஏற்பாடு. திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். சனிக்கிழமை காலையில் தலைவலி என்றாள், கண் மங்குகிறது என்றாள், வலியும் ஆரம்பித்துவிட்டது.

ஓடையைத் தாண்டிக் கடைவரை கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். கடை வாசலில் நின்று ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். வேறு இடத்துக்குப் போயிருக்கிறது, திரும்பி வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். ஜீப்பில் பலாப்பழம் ஏற்றி வைத்திருந்தார் அண்ணன். பாதியை உருட்டித் தள்ளிவிட்டு, மீதிக்கு நடுவில் அவளைப் படுக்கவைத்துக்கொண்டு கிளம்பினோம். ஒவ்வொரு குலுங்கலுக்கும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தாள். ஒரு சத்தம் போடவில்லை. கத்துடி, கத்துடி என்று நான்தான் கத்திக்கொண்டு வந்தேன்.

மலை இறக்கத்தில் ஒரு வளைவில், இனிமேல் முடியாது என்றாள். ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். அண்ணன் இறங்கிப்போய்ப் பள்ளத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பலாப்பழ வாடைக்கு நடுவில் பிள்ளை பிறந்தது. பெண். கொஞ்ச நேரம் அழவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று எழுத எனக்குத் தைரியமில்லை. பிறகு அழுதது. ஆனால் இரத்தம் நிற்கவில்லை. நான் மடியில் வைத்திருந்த துணியெல்லாம் போதவில்லை. அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தம்பி மனைவிக்கு நினைவு தப்பிவிட்டது.

பிழைத்துக்கொண்டாள். இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். இன்னும் அரை மணி நேரம் தாமதமாகியிருந்தால் அவ்வளவுதான் என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னார். வாசலில் நின்று தேம்பித் தேம்பி அழுதேன்.

மூன்றாம் நாள் காலையில் வார்டு நர்சு பெரிய பதிவேட்டோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. தம்பி மனைவி முகம் இன்னும் வெளுத்துத்தான் இருந்தது.

"பிரசவம் எங்க ஆச்சு? இங்கதான்னு போட்டுடட்டுமா? வெளியேன்னு போட்டா ஆயிரம் கேள்வி வரும்" என்று நர்சு என்னைப் பார்த்துக் கேட்டார்.

எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. இந்த முறையாவது உள்ளதை உள்ளபடி எழுதவைத்துவிட வேண்டும். "இல்ல சிஸ்டர், ஜீப்புலதான் ஆச்சு. எழுதுங்க, நான் எல்லாத்தையும் சொல்றேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன்.

"அக்கா, நீங்க சும்மா இருங்க" என்றாள் தம்பி மனைவி. பத்து வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நர்சின் பக்கம் திரும்பினாள். "என்னக் கேளுங்க சிஸ்டர். பெத்தது நானு."

நர்சு என்னை ஒரு முறை பார்த்துவிட்டுப் பதிவேட்டை அவள் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார். நான் வெந்நீர்க் குடுவையை எடுத்துக்கொண்டு எழுந்து வராந்தாவுக்குப் போனேன். அங்கிருந்தும் காதில் விழுந்தது. முதல் பிள்ளை எப்போது போனது, ஓடையை எப்படித் தாண்டினார்கள், எந்த வளைவு என்று ஒவ்வொன்றாக நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்லை.

"வாராவாரம் உங்க ஊருக்கு வண்டி வருமே, அது இன்னா ஆச்சு?" என்று நர்சு கேட்டார்.

அவள் என் பேரைச் சொன்னாள்.